தனிக்குடுமி: சேஷாசலத்துச் செம்மரமும் ஒரு மூட்டின் வரலாறும்

சற்று நீண்ட பதிவு. ஒரு நாற்காலியில் தொடங்கிப் பெய்ஜிங் வரை போகிறது, பொறுத்தருள்க.

சென்ற மழைக்காலத்தில், திருப்பதியில் நான் தங்கியிருக்கும் அறையின் மரநாற்காலி முறிந்தது. பின்காலோடு இருக்கைச் சட்டம் சேரும் இடத்தில், சட்டத்தின் முனையிலிருந்த நாக்கு ஒடிந்து காலின் துளைக்குள்ளேயே தங்கிவிட்டது. கோவிந்தராஜசுவாமி கோயிலுக்கு அணித்தேயுள்ள தெருவொன்றில் பட்டறை வைத்திருக்கும் முதிய தச்சரிடம் கொண்டுபோனேன். சித்தூர்ப் பக்கத்தைப் பூர்விகமாகக் கொண்டவர்; வீட்டில் தமிழ், வாடிக்கையாளரிடம் தெலுங்கு. அவர்கள் அவரை மேஸ்திரி என்கிறார்கள்.

ஒடிந்த நாக்கின் மிச்சத்தை அவர் சட்டத்தின் முனையோடு சமமாக அறுத்து நீக்கினார். காலின் துளையில் சிக்கியிருந்ததை உளியால் கெல்லி எடுத்தார். பின்னர் சட்டத்தின் முனையிலேயே, காலிலுள்ள துளைக்கு நேராக, அதே அளவில் இன்னொரு துளை இட்டார். தேக்கில் ஒரு சிறு பட்டையை அறுத்து இழைத்துப் பசை தடவி, பாதியைச் சட்டத்துக்குள்ளும் பாதியைக் காலுக்குள்ளும் இறக்கிக் கொட்டாப்புளியால் நாலு தட்டு. வேலை முடிந்தது.

“ஐயா, இந்தத் துண்டுக்கு என்ன பேர்?” என்று கேட்டேன். தமிழ்–தெலுங்கு எல்லைப்புறத்துத் தொழிற்சொற்களே என் ஆய்வுப்பொருள் என்பதால், பட்டறைகளில் நான் கேட்கும் முதற்கேள்வி எப்போதும் இதுதான்.

“பேரு என்ன தம்பி பேரு! தனியா ஒரு துண்டு வச்சிருக்கேன், அவ்வளவுதான். குடுமின்னா அந்த மரத்துலயே இருக்கணும்.”

அந்த விடையே இப்பதிவுக்குக் காரணம்.

இரு மரங்களைச் செங்குத்தாக இணைக்க உலகெங்கும் தச்சர் கண்ட வழி ஒன்றே. ஒன்றில் துளை, மற்றொன்றின் முனையைச் சுற்றிலும் செதுக்கிக் குறுக்கி அத்துளைக்குள் செல்லும் நாக்கு. அந்த நாக்கு சட்டத்தின் உடலிலிருந்தே வளர்ந்து நிற்பது. முதியவர் செய்தது வேறு. இரண்டு மரங்களிலும் துளை. நாக்கு எதற்கும் உரியதன்று. வெளியிலிருந்து வந்த மூன்றாம் மரம். வேறு பெயர் கிடைக்காமையால் இதனைத் ‘தனிக்குடுமி’ என்று வழங்குகிறேன். சொல் என்னுடையது, பொருள் மிகப் பழையது.

‘குடுமி’ என்னும் சொல்லிலிருந்து தொடங்கலாம். தலைமயிரின் முடிச்சு, மலையுச்சி, பழைய கதவுகள் சுழல்வதற்காக மேலும் கீழும் நீட்டிவிடப்படும் முளை ஆகியன அகராதிகள் தரும் பொருள்கள். காளத்தி மலைமேல் உறையும் இறைவனைக் கண்ணப்பர் வரலாற்றில் சேக்கிழார் குடுமித்தேவர் என்றே குறிக்கிறார். அந்தக் காளத்தி திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மலையாளத் தச்சர் மரத்தின் நாக்கைக் ‘குடும’ என்பர். எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்று: ஓர் உடலின் முடிவில், அவ்வுடலிலிருந்தே எழுந்து நிற்பது.

வடமொழிச் சிற்பநூல்களிலும் இதே உருவகம் இருக்கிறது. மயமதத்தின் 17ஆம் அத்தியாயம் முழுவதும் மரமூட்டுகளைப் பற்றியது. மானசாரத்திலும் அதே எண்ணுடைய அத்தியாயம் அதே பொருளைப் பேசுகிறது. (மயமதத்தைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காகப் புருனோ தாழான்ஸ் பதிப்பித்தார்.) மூட்டுகளின் பெயர்களே ஒரு தனி உலகம். ‘மேஷயுத்தம்’, அதாவது ஆட்டுக்கிடாச் சண்டை, ‘சூகரக்ராணம்’, பன்றியின் மூக்கு, ‘வேணுபர்வம்’, மூங்கிற்கணு. இவற்றில் நாக்கைக் குறிக்க வரும் சொல் ‘சிகா’. அதன் முதற்பொருளும் குடுமிதான். ஒரு மொழி மற்றொன்றிடமிருந்து மொழிபெயர்த்துக்கொண்டதா, இரண்டும் ஒரே பட்டறையிலிருந்து வந்தனவா என்று வாதிடலாம். தென்னாட்டுத் தச்சர் வாயில் இருந்த சொல்லையே நூலாசிரியர் வடமொழிப்படுத்தினார் என்பது என் சாய்வு.

அந்நூல்களில் சிகைக்கு எதிராக மற்றொரு சொல் நிற்கிறது: ‘கீலம்’. அது தனியே செய்து அடிக்கப்படும் முளை அல்லது ஆணி. மூட்டைக் குறிக்கும் நம் ‘கீல்’, கீல்வாதத்தில் உள்ள அதே கீல், இதற்கு நெருங்கிய உறவினதாகவே எனக்குப் படுகிறது. ஆக, சிகை உடலோடு பிறந்தது. கீலம் வெளியிலிருந்து வந்தது. சிகை தாங்கும், கீலம் பிடித்துவைக்கும். தனிக்குடுமி இவ்வகைப்பாட்டின் நடுவே விழுகிறது. பிறப்பில் கீலம், செய்யும் வேலையில் சிகை. பட்டறை முதியவர் அதற்குப் பெயரில்லை என்றபோது, ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய ஒரு வகைப்பாட்டையே அவர் காத்துநின்றார் எனலாம்.

இந்த மூட்டு பலவீனமானது என்ற எண்ணமும் அவரிடம் இருந்தது, “ரெண்டாந்தரம்தான்” என்றார். இதில் மட்டும் அவரோடு முழுமையாக உடன்பட முடியவில்லை. மரம் தன் நார் ஓடும் திசையில் வலிது. குறுக்கே எளிதில் பிளப்பது. உடன்பிறந்த குடுமியில் சட்டத்தின் நார் அறுபடாமல் துளைக்குள் செல்கிறது. ஒரு பக்கம் மட்டுமே பசையை நம்பியிருக்கிறது. தனிக்குடுமிக்கு இரு பக்கமும் பசையே துணை. ஆகவே இரு துளைகளும் போதிய ஆழமுடையனவாக இருக்கவேண்டும். பட்டையின் நார் சட்டத்தின் நீளவாக்கிலேயே ஓடவேண்டும். குறுக்கு நாரில் அறுத்தால் அப்பளம்போல் ஒடியும். கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றிலொரு பங்கு என்பது பொதுக்கணக்கு. துளையின் அடியில் பசைக்கும் காற்றுக்குமாகச் சிறிது இடைவெளி விடவேண்டும்; இல்லையேல் பட்டை அடிவரை இறங்காது. இவை சரியாக அமைந்தால் துளையின் பக்கச்சுவரும் பட்டையின் முகமும் நாரோடு நார் ஒட்டுகின்றன. பசை பிடிப்பதற்கு அதைவிட நல்ல பரப்பு மரத்தில் இல்லை. இரு சட்டங்கள் 45 பாகைச் சாய்வில் சேரும் மூலையிலும், வளைந்த சட்டத்தின் முனையிலும் உடன்பிறந்த குடுமியின் நாரே குறுக்காக அறுபட்டிருக்கும். அங்கே தனிக்குடுமிதான் முதல்தரம்.

மத்தியதரைக்கடற் கப்பல்களின் வரலாறு இதற்குச் சான்று. துருக்கியின் காஷ் நகருக்கு அருகே, உளுபுருன் முனையில் மூழ்கிய வணிகக் கப்பலை 1984 முதல் 1994 வரை அகழ்ந்தனர். கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. அதன் பலகைகள் தேவதாரு. அவற்றின் விளிம்புகளில் எதிரெதிரே துளையிட்டுச் செருகிய நாக்குகள் ஓக். செருகியபின் இரு பலகைகளிலும் குறுக்கே முளையடித்து நாக்கு நழுவாமல் பூட்டியிருக்கிறார்கள். மென்மரத்தின் உடலுக்கு வன்மரத்தின் நாக்கு! உடன்பிறந்த குடுமி தரவே முடியாத வசதி இது. இதற்கும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் முற்பட்ட எகிப்திய கூபு மன்னனின் படகிலும் (1954இல் கிடைத்தது, 43 மீட்டருக்கு மேல் நீளம்) தனி நாக்குகள் உண்டு. ஆனால் அங்கே முளை இல்லை. கயிறே பலகைகளைக் கட்டி நிறுத்துகிறது.

உரோமர் இதற்கு என்ன பெயரிட்டார்கள் என்பதே எனக்குச் சுவையானது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய கேட்டோ, எண்ணெய் பிழியும் பொறிக்கான நான்கடி அகல வட்டப்பலகையைப் ‘பியூனிக் மூட்டு’களால் செய்யச் சொல்கிறார். பியூனிக் என்றால் கார்தேஜியர், பினீசியர் வழிவந்தவர். கார்தேஜை அழித்தே தீரவேண்டும் என்று வற்புறுத்திவந்த அதே கேட்டோதான்! பகைவனின் கப்பல் மூட்டு உரோமனின் எண்ணெய்ச் செக்குக்குள் வந்துவிட்டது. பெயர் மட்டும் அயலாரின் பெயராகவே நின்றது.

நம் கடற்கரையில் அதே சிக்கலுக்கு வேறு விடை. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகள் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. இரும்பாணியும் இல்லை; விளிம்பில் நாக்கும் இல்லை. அலை மோதும் மணற்கரையில் இறங்கும் படகுக்கு வளைந்து கொடுக்கும் உடல் வேண்டும். நாக்குப் பூட்டிய கலம் விறைப்பானது, அத்தகைய கரையில் பிளந்துவிடும். ஆகவே ஒரு நுட்பம் ஓரிடத்தில் வழங்காமையை அறியாமை என்று கொள்வது பிழை.

இனிச் செம்மரம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், சித்தூர், கடப்பை, நெல்லூர், கர்நூல் பகுதிகளை ஒட்டிய சேஷாசலம், வெலிகொண்டா, பாலகொண்டா, லங்கமலை ஆகிய குன்றுகளில் மட்டுமே இயல்பாக வளரும் மரம். தாவரப்பெயர் டெரோகார்ப்பஸ் சாண்டலினஸ். தெலுங்கில் ‘எர்ர சந்தனம்’. தமிழில் செஞ்சந்தனம், செம்மரம். சந்தனத்தோடு குடும்ப உறவும் இல்லை, அந்த மணமும் இல்லை. அவரைக் குடும்பத்து மரம். வயிரம் நீரில் மூழ்கும் அளவு கனம். டச்சு வணிகர் இதனைக் காலியாட்டூர் மரம் என்றழைத்தனர். ஐரோப்பாவில் இது சாயமரமாகவே பெயர்பெற்றிருந்தது.

தமிழ் வீடுகளில் இம்மரம் நுழைந்தது மரப்பாச்சியாக. திருப்பதியில் வாங்கிக் கொலுப்படியில் இணையாக நிற்கவைக்கும் அந்தப் பொம்மைகளை உற்றுப் பாருங்கள். கை உடலை விட்டு விலகுவதில்லை, கால்கள் பிரிவதில்லை. ஒரே கட்டையில் செதுக்கியது. மூட்டு என்பதே இல்லாத உருவம். காளத்திக்கு அருகிலுள்ள மாதவமாலையின் சிற்பிகள் செதுக்கும் தெய்வ உருவங்களும் பெரும்பாலும் அடிமரத்திலிருந்து குடைந்தெடுப்பவையே. நான் அங்கே பார்த்த ஓர் உருவத்தில் மட்டும், கட்டையின் அகலத்தைத் தாண்டி நீளவேண்டிய முன்கையைத் தனியே செதுக்கி, இடையில் ஒரு சிறு பட்டை வைத்து இணைத்துக்கொண்டிருந்தார்கள். பெயர் கேட்டேன். அங்கும் பெயரில்லை.

இதே மரம் சீனத்தில் வேறு வாழ்க்கை வாழ்ந்தது. அங்கே அதன் பெயர் ‘ட்சுதான்’. ‘ட்சு’ என்றால் கருஞ்சிவப்பு அல்லது ஊதா. ‘தான்’ என்னும் எழுத்து முன்பே ஏதோ ஒரு வன்மரத்தைக் குறித்து வழங்கியது. பின்னர்ப் பௌத்த நூல்களை மொழிபெயர்த்தோர் ‘சந்தனம்’ என்பதை ‘ட்சான்தான்’ என ஒலிபெயர்த்தபோது, அதன் இரண்டாம் அசையாக அதையே அமர்த்தினர். ஆக, சேஷாசலத்து மரம் தெலுங்கிலும் தமிழிலும் சீனத்திலும் ஒரே தவற்றைச் சுமக்கிறது: சந்தனமல்லாத சந்தனம். பழைய சீன நூல்களில் ‘ட்சுதான்’ எப்போதும் இந்த ஒரு மரத்தையே குறித்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வன்மரங்களுக்காகச் சீன அரசு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட தரவரையறை, அப்பெயரை டெரோகார்ப்பஸ் சாண்டலினஸ் ஒன்றுக்கே உரியதாக்குகிறது.

மிங் அரசு 1567இல் கடல்வணிகத் தடையைத் தளர்த்தியபின் தென்கடல் வன்மரங்கள் பெருமளவில் சீனத்துக்குள் வந்தன. அவற்றுள் ட்சுதான் அரசமரமாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் சியான்லோங் பேரரசரின் அரண்மனைப் பட்டறைகளில் அரியணைகளும் மேசைகளும் இம்மரத்தில் உருவாயின. அம்மரத்தைப் பற்றிச் சீனத் தச்சரிடையே ஒரு வழக்கு உண்டு: பத்து அடிமரம் வாங்கினால் ஒன்பது உள்ளே பொள்ளல். மெல்ல வளரும் மரம், அடி பருப்பதில்லை, நடுவே குடைந்திருக்கும். நீண்ட, அகன்ற பலகை கிடைப்பது அரிது. கிடைத்ததில் ஒரு விரற்கடையும் வீணாகக்கூடாது.

அங்கேதான் தனிக்குடுமிக்கு ஒரு பெயர் கிடைக்கிறது. சீனத்தில் நாக்கு ‘சுன்’, துளை ‘மாவ்’. தனியே செய்து செருகுவது ‘ட்சாய்–சுன்’. ‘ட்சாய்’ என்றால் நடுதல். நாற்று நடுவது, மரக்கன்று நடுவது என்று வழங்கும் அதே வினை. நட்ட குடுமி! வேறிடத்து மரத்தில் செய்து இங்கே ஊன்றியது. மிங் கால அறைக்கலன்களைப் பற்றி 1985இலும் 1989இலும் பெருநூல்கள் வெளியிட்ட வாங் ஷிசியாங் இச்சொல்லை விளக்குகிறார். அவர் செய்த பெரும்பணி, பெய்ஜிங் பட்டறைத் தச்சரின் வாய்ச்சொற்களைக் கேட்டுத் தொகுத்துப் பழைய நூல்களோடு ஒப்பிட்டதுதான். மொழியியல் படித்தவர்கள் தச்சுப்பட்டறையில் என்ன செய்யமுடியும் என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் காட்டும் பெயர் அவருடையது.

நட்ட குடுமியில் இன்னும் நுட்பமான வகையொன்று ‘ட்சோ–மா–ஷியாவ்’: ஓடுகுதிரை முளை. மூன்று பக்கம் தடுப்புடைய சாய்விருக்கைகளிலும் அரியணைகளிலும், தடுப்பைத் தேவையானபோது கழற்றி எடுக்கப் பயன்படுவது. தடுப்பின் அடிவிளிம்பில் குடுமிகளை நட்டு, வெளியே நீளும் தலையை மேலே குறுகி நுனியில் விரியும்படி செதுக்குகிறார்கள். இருக்கைச் சட்டத்திலுள்ள துளையின் ஒரு பாதி அகலம், மறுபாதி ஒடுக்கம். அகன்ற பாதியில் தலையை இறக்கி ஒடுங்கிய பாதிக்குத் தள்ளினால் பூட்டிக்கொள்ளும். திருப்பித் தள்ளினால் விடுபடும். பசை இல்லை, ஆணி இல்லை.

எவ்வளவு மரம் மிஞ்சுகிறது என்று ஒரு கணக்குப் பார்த்தேன். கால்களுக்கிடையே 18 அங்குலம் நீளும் சட்டம். 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம். இரு முனையிலும் ஒன்றரை அங்குலக் குடுமி உடன்பிறந்ததாக வேண்டுமெனில் 21 அங்குல மரம் வேண்டும். தனிக்குடுமியானால் 18 போதும். குடுமிக்குக் கழிவுத்துண்டு உண்டு. மிஞ்சும் 3 அங்குலத்தின் எடை, செம்மர வயிரத்தில் ஏறத்தாழ 160 கிராம். டன் ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு சட்டத்துக்கு 1,600 ரூபாய்; ஒரு நாற்காலியில் அத்தகைய சட்டங்கள் எட்டேனும் இருக்கும்.

160 கிராமை எண்ணிப்பார்க்கும் பொருளாதாரத்தின் மறுமுனை இந்த மலைகளில் இருக்கிறது. செம்மரம் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தை வரையறுக்கும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995இல் சேர்க்கப்பட்டது. கள்ளக்கடத்தலோ நிற்கவில்லை. மரம் வெட்டக் கூலிக்கு அழைத்துவரப்படுவோரில் பலர் சவ்வாது மலை, சித்தேரி, கல்வராயன் மலைகளைச் சேர்ந்த தமிழர்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரியை அடுத்த சேஷாசல வனப்பகுதியில் ஆந்திரக் காவல்துறையின் சிறப்புப் படை சுட்டதில் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த 20 பேர் இறந்தனர். மோதல் என்றது காவல்துறை; போலி மோதல் என்று மனித உரிமை அமைப்புகள் குற்றஞ்சாட்டின. நான் பேருந்தில் அவ்வழியே போகும்போதெல்லாம் அந்தச் சரிவு சன்னலில் தெரிகிறது. அறைக்கலன் வரலாற்றுநூல்களில் மரம் ‘தென்கடலிலிருந்து வந்தது’ என்ற ஒரே தொடரில் வந்துசேர்ந்துவிடுகிறது. யார் வெட்டினார்கள், யார் சுமந்தார்கள் என்பதற்கு அத்தொடரில் இடமில்லை. சொற்களைத் தேடுபவன் என்ற முறையில் என் குறிப்பேட்டிலும் அதற்கு இடம் இருந்ததில்லை. இப்போது ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

இன்றைய நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐரோப்பாவில் 1950களில் அழுத்திய மரச்சில்லுகளைச் செருகும் லமெல்லோ முறையும், 2000களின் நடுவில் நீள்வட்டத் துளையை நொடியில் போடும் ஃபெஸ்டூல் டோமினோ எந்திரமும் வந்தன. இரண்டும் தனிக்குடுமியின் வழித்தோன்றல்களே. 1959இல் சந்தைக்கு வந்த ஃபெவிக்கால், காய்ச்சும் வச்சிரப் பசையை நம் பட்டறைகளிலிருந்து அகற்றியது. பசை எளிதானதும் தனிக்குடுமியும் எளிதாயிற்று. ஆனாலும் இங்கே அது பழுதுபார்க்கும் வேலையாகவே நிற்கிறது.

இரண்டு மாதம் கழித்து முதியவரைப் பார்க்கப் போனேன். நாற்காலி அசையவில்லை என்று சொன்னேன். சீனர் அதை ‘நட்டது’ என்கிறார்கள் என்றபோது ஒரு கணம் யோசித்துவிட்டு, “நட்டா வேர் விடணுமே” என்றார். ஓடுகுதிரை முளையை ஒட்டுப்பலகைத் துண்டொன்றில் வரைந்து காட்டினேன். மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து இரண்டு கேள்வி கேட்டார். துளையின் ஒடுங்கிய பாதியில் சரிவு எந்தப் பக்கம் என்பது ஒன்று, தடுப்பைத் தூக்கும்போது எத்தனை முளையும் சேர்ந்து நகருமா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் நான் புத்தகத்தைப் பார்த்துத்தான் விடை சொன்னேன்.

அடுத்த வாரம் போனபோது வேப்பங்கழிவில் ஒன்று செய்துவைத்திருந்தார். தலை இறங்கியது, ஒடுங்கிய பாதிக்குள் பாதிதூரம் போய் நின்றுகொண்டது. வெளியே இழுத்து, கன்னத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

“குதிர ஓட மாட்டேங்குது தம்பி. இன்னும் ஒரு மயிரிழை எடுக்கணும்,” என்று இழைப்புளியைத் தேடினார்.